கண்ணாடிக்குள் எங்கள் வீட்டு வாசல்

அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. குழந்தைப் பிள்ளைகளைத் துடைக்கும் பூப்போட்ட துவாயால் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீன் பை ஒன்றைப் போட்டு, நன்னடத்தை உத்தியோகத்தர் அதைத் தன் மடியிலிருந்து எங்கள் மேசைக்கு மாற்றினார். பிரித்துப் பார்த்தால், கடலுக்கடியில் சுழியோடுகிறவர்கள் முகத்தில் மாட்டுவது மாதிரி ஒரு கறுப்புச் சாமான். ஆனால் முன்பக்கம் முழுக்க அடைத்துக் கிடந்தது. மெய்நிகர்க் கண்ணாடி என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மாட்டிக்கொண்டால் இருக்கிற இடம் மறைந்துவிடும், வேறோர் இடத்துக்குள் நிற்கலாம், தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் அந்த இடமே தெரியும் என்று விளங்கப்படுத்தினார். "பிள்ளை, இது விளையாட்டுச் சாமான் எல்லே?" என்று கேட்டேன். "ஓம் அன்ரி, விளையாட்டுச் சாமான்தான்" என்றார், கொஞ்சமும் கோபப்படாமல்.

நான் ஊர்காவற்றுறையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, தீவுப்பகுதித் தபால் கந்தோர்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவள். அரைகுறை விலாசத்தோடு வந்த கடிதத்தையும் உரிய வீட்டுக்குச் சேர்ப்பித்தவள். அப்படிப்பட்டவளின் வீட்டுக்குள்தான் ஒரு பின்னேரம் நான்கு பொடியள் வாளோடும் இரும்புக் கம்பியோடும் வீடு மாறிப் புகுந்தார்கள். போனில் சுட்டு விளையாடுகிற விளையாட்டொன்றில் தொடங்கிய சண்டையாம். அவர்கள் தேடிவந்தவன் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறான். அவன் வீட்டு வாசல் படலையும் நீலம், எங்கள் படலையும் நீலம், அவ்வளவுதான் விஷயம். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. தொலைக்காட்சி போனது, அலுமாரிக் கண்ணாடி போனது, தடுக்கப்போன என் கணவரின் இடது கையில் வெட்டு விழுந்தது. இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை.

மூன்று பேர் வயது வந்தவர்கள், அவர்களை விளக்கமறியலில் வைத்துவிட்டார்கள். நாலாவது ஆளுக்குப் பதினாறு வயது. இறுப்பிட்டிப் பக்கத்துப் பொடியன், அலுமாரியை உடைத்தவன். வயது குறைந்தபடியால் அவனுடைய பொறுப்பு நன்னடத்தை உத்தியோகத்தரிடம் வந்தது. அவனைத் தாயோடு வீட்டில் விட்டுக் கண்காணிப்பதா, தூரத்தில் இருக்கிற சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்புவதா என்று நீதிமன்றம் முடிவெடுப்பதற்கு அவர் ஓர் அறிக்கை எழுத வேண்டும். பாதிக்கப்பட்ட நாங்கள் என்ன சொல்கிறோம் என்பதையும் அதில் எழுத வேண்டும். எங்கள் பதில் முதல் நாளே ஆயத்தம். "அனுப்பச் சொல்லி எழுதும். கண்காணாத இடத்துக்கு அனுப்பட்டும்" என்று என் கணவர் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

உத்தியோகத்தர் அதை எழுதவில்லை. பேனையை மூடிவிட்டுத் துவாயைப் பிரித்தார். முப்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற, குரலை உயர்த்தத் தெரியாத பெண். அனலைதீவில் ஒரு பொடியனைப் பார்த்துவிட்டு அவர் வள்ளத்தால் வந்து இறங்கியதை ஒருநாள் துறையடியில் கண்டிருக்கிறேன். தலையிலிருந்து கால்வரை கடல்தண்ணீர் சொட்டியது, அந்தப் பை மட்டும் காய்ந்திருந்தது. ஏதோ ஒரு திட்டத்தில் அந்தக் கண்ணாடி கிடைத்ததாம். கூடவே வந்த விளையாட்டில் கள்ளன் புகுந்த வீடொன்று இருக்கிறது, வீட்டுக்காரரின் பயத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் அது மாடிப்படியும் கம்பளமும் உள்ள வெளிநாட்டு வீடு. அவர் பொறுப்பில் இருக்கிற எங்கள் பொடியள் அதை மாட்டியதும், "துவக்கு எங்க மிஸ் இருக்கு?" என்று சுடுவதற்குத் தேடினார்களாம். ஒருவன், "ஆரோ வெள்ளைக்காரன்ர வீடுதானே, உடையட்டுமன்" என்றானாம். "அதுதான் அன்ரி, எங்கட வீடு ஒண்டு எனக்கு வேணும்" என்றார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "என்ர வீடு உடைஞ்சது காணாதோ? அதைப் படமெடுத்து அந்தக் காவாலியளுக்குக் காட்டப்போறீரோ?"

"உடைஞ்சதைக் காட்டமாட்டன் அன்ரி. ஒண்டும் நடக்காத ஒருநாளைத்தான் காட்டப்போறன். நீங்கள் தேத்தண்ணி போடுறது, ஐயா பேப்பர் பாக்கிறது. அவ்வளவுதான்."

ஒன்றும் நடக்காத நாளைப் பார்த்து எவன் திருந்துவான்? பிள்ளைக்கு விசர் என்றே நினைத்தேன். ஆனால் அவர் விடவில்லை. அடுத்த கிழமை வந்தார், அதற்கடுத்த கிழமையும் வந்தார். கடைசியில் என் கணவர், "எடுத்துக்கொண்டு போகட்டும், ஆக்கினை விட்டால் காணும்" என்றார்.

படம் எடுத்த நாளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. தேசிக்காய் அளவு கமரா, அது நாலாபக்கத்தையும் ஒரே நேரத்தில் எடுக்குமாம். அதை மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் ஒன்றின் உச்சியில் ஒட்டி, ஹெல்மெற்றைத் தலையில் போட்டுக்கொண்டு, சீலையோடு எங்கள் படலைக்குள்ளால் மெல்ல மெல்ல நடந்து வந்தார். கமராவைப் பார்க்கக் கூடாது, கதைக்கக் கூடாது, வழமை போல இருக்க வேண்டும் என்று பத்துத் தரம் சொல்லியிருந்தார். என் கணவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு இருந்தார். உத்தியோகத்தர் படியடிக்கு வந்து நின்றாரோ இல்லையோ, மனுசனுக்கு எல்லாம் மறந்துபோனது. பேப்பரை இறக்கி, நேரே கமராவைப் பார்த்து, "வாரும் பிள்ளை, வெயிலுக்க நிக்காமல் உள்ளுக்கு வாரும்" என்றார். தேத்தண்ணி போடக் குசினிக்குள் நின்ற நான் தலையில் அடித்துக்கொண்டேன். "வாசலில ஒரு ஆள் வந்து நிக்க எப்பிடியப்பா கூப்பிடாமல் இருக்கிறது?" என்று அவர் என்னோடு பாய்ந்தார். திருப்பி எடுப்போமா என்று கேட்டேன். உத்தியோகத்தர் கொஞ்சம் யோசித்து, "இல்லை அன்ரி, அது இருக்கட்டும்" என்றார். பிறகு வீட்டுக்குள் போய் ஆறேழு நிமிடம் எடுத்தார்.

ஒரு கிழமை கழித்து அதை எனக்கு மாட்டிவிட்டார். என்னத்தைச் சொல்ல! கதிரையில் இருந்தபடியே நான் என் படலையடியில் நின்றேன். முருங்கைமரம் அசைந்தது, கிணற்றுக்கட்டில் காகம் இருந்தது. தலையை நிமிர்த்தினால் வானம், குனிந்தால் எங்கள் முற்றத்து மணல். நாற்பது வருடம் சீவித்த வீட்டுக்கு அன்றுதான் நான் விருந்தாளியாகப் போனேன். விறாந்தையில் அந்த மனுசன் கட்டுப்போட்ட கையோடு என்னைப் பார்த்து உள்ளுக்கு வாரும் என்றபோது, என்னையறியாமல் "ஓம் வாறன்" என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுச் சாமான் என்ற கதையை அதற்குப் பிறகு எடுத்ததில்லை.

பொடியனுக்கு உத்தியோகத்தரின் கந்தோரில் காட்டும் நாளில் நானும் இருக்க வேண்டும் என்று கேட்டேன். அவன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டே எங்கள் பதிலை எழுத்தில் தருவேன் என்றேன். உண்மையைச் சொன்னால், அவன் சிரிப்பதைப் பார்க்கத்தான் போனேன். சிரித்தால், அனுப்பச் சொல்லி எழுதுவது எனக்குச் சுகம். எந்த வீடு என்று உத்தியோகத்தர் அவனுக்குச் சொல்லியிருந்தார், நான் இருக்கப்போவதையும் சொல்லியிருந்தார். கண்ணாடியை மாட்டிய பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு மூலைக் கதிரையைக் காட்டினார். அவன் பார்ப்பது மேசையில் இருந்த மடிக்கணினியில் எனக்கும் தெரிந்தது.

என் நினைவில் அவன் பெரிய ஆள். அங்கே நின்றது முள்ளுமாதிரி ஒரு பொடியன், காது மட்டும் பெரிது. திரையில் நீலப் படலை வந்தது. அவன் சிரிக்கவில்லை. முற்றம் வந்தது, கிணறு வந்தது, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படியடி வந்தது. அப்போது அவன் வலதுகால் விரலால் இடதுகால் செருப்பைத் தள்ளிக் கழற்றினான். பிறகு மற்றதையும் கழற்றினான். கந்தோரின் சீமெந்து நிலத்தில் இரண்டு செருப்பும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருந்தன. ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பின்னேரம் நால்வரும் செருப்போடுதான் சாமியறை வரைக்கும் வந்தார்கள். அந்தச் செருப்படையாளங்களை முழங்காலில் நின்று துடைத்தவள் நான்.

"வாரும் பிள்ளை, வெயிலுக்க நிக்காமல் உள்ளுக்கு வாரும்" என்றது என் கணவரின் குரல்.

பொடியன் ஓரடி பின்னுக்கு வைத்தான். "இல்லை ஐயா" என்றான். "நான் இதில நிக்கிறன்."

படம் நிற்குமா? அது உள்ளே போகத் தொடங்கியது. அவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கதவு நிலையைப் பிடிக்கிறவன் போல வெறுங்காற்றைப் பிடித்தான். "நிப்பாட்டுங்கோ மிஸ், என்னை உள்ளுக்குக் கொண்டுபோகாதேங்கோ. நான் உள்ளுக்குப் போகக் கூடாது மிஸ்." உத்தியோகத்தர் ஓடிப்போய் நிறுத்தினார். அவன் கண்ணாடியைக் கழற்றுவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

பின்னால் வந்த உத்தியோகத்தர், "அன்ரி, நான் சொல்ல நினைச்சதெல்லாத்தையும் வீட்டுக்குள்ள எடுத்த பகுதியிலதானே வைச்சிருந்தனான்" என்றார். "வாசலை நான் யோசிக்கவேயில்லை." தான் செய்ததைப் பார்த்துத் தானே மலைத்து நின்ற ஒரு மனுசியை நான் வேறெங்கும் காணவில்லை. இப்போது அவர் இடமாற்றம் பெற்று வன்னிப் பக்கம் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று அதேமாதிரிக் கண்ணாடியை மாட்டிப் பேய்வீட்டுக்குள் போய்க் கத்துகிறார்கள். என் பேரன்மார் கூப்பிட்டாலும் நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஒருமுறை பார்த்தது எனக்குப் போதும்.

அன்று நான் பதிலைக் கொடுக்கவில்லை. வெட்டு வாங்கியவர் வீட்டில் இருக்கிறார், நான் மட்டும் என்னத்தை மாற்றிச் சொல்ல?

"என்ன, அழுதவனோ?" என்று நான் வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார்.

"இல்லை."

"மன்னிப்புக் கேட்டவனோ?"

"இல்லை. வாசலில செருப்பைக் கழட்டினவன். நீங்கள் கூப்பிட, இல்லை ஐயா, நான் இதில நிக்கிறன் எண்டு சொன்னவன்."

அடுத்தநாள் காலை நான் உத்தியோகத்தரின் கந்தோருக்கு வெளிக்கிட, அவர் விறாந்தையிலிருந்து கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளையிட்டச் சொல்லு, பொடியனை ஒரு இடமும் அனுப்ப வேண்டாமெண்டு. தாயோட இருக்கட்டும்."

தலையாட்டிவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் மறுபடியும் அவர் குரல் கேட்டது, என்னிடம் கேட்டாரோ தனக்குத்தானே கேட்டாரோ தெரியாது.

"நான் கூப்பிட்ட பிறகும் அவன் வெயிலுக்கையோ நிண்டவன்?"