அக்காவின் தவக்காலம்

எங்கள் அன்பு அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. புகழ்ந்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. அதனால் கடைசித் தம்பியாகிய நான் அவருடைய சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் பிறந்து மயிலாப்பூரிலேயே கண்மூடியவர் அக்கா. அப்பா தவறிய பிறகு ஆழ்வார்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து தம்பிகள் எங்களைப் படிக்க வைத்தார். தனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் நினைக்கவில்லை. அவருக்கென்று இருந்த ஒரே ஆசை மீன். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே நொச்சிக்குப்பம் போய், மீன் விற்கும் தேசம்மாவிடம் சண்டை போட்டு, சிரித்துக்கொண்டே வாங்கி வருவார்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். திருச்சபை விலக்கச் சொன்னது இறைச்சியைத்தான், மீனுக்குத் தடையில்லை என்று நாங்கள் வாதாடுவோம். அக்காவுக்குக் கறி பிடிக்காது.

"பிடிக்காததை விட்டுட்டு ஆண்டவர்கிட்ட நல்ல பேர் வாங்கப் பாக்காதீங்கடா" என்பார். பாகற்காயை விட்டிருந்த எனக்கு அது சுருக்கென்று தைக்கும்.

கடைசித் தவக்காலத்தில் அக்கா படுக்கையில் இருந்தார். சோறு இறங்கவில்லை. மீனாவது கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். அக்கா மறுத்துவிட்டார். நோயாளிக்கு விரதமில்லை என்று பங்குத்தந்தையே வந்து சொல்லியும் அசையவில்லை. எங்கள் கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, அவர்மேல் கோபமும் வந்தது.

விஷயம் கேள்விப்பட்ட தேசம்மா ஒருநாள் தூக்குச்சட்டியோடு வந்து கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா, உனக்கோசரம் யாவாரத்த வுட்டுட்டு கொயம்பு வச்சி எட்தாந்துகீறேன். நீ துண்ணலன்னா நானும் இன்னிக்குப் பட்டினிதான்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார். தேசம்மா முள் பார்த்துப் பார்த்து ஊட்டினார்.

அவர் போன பிறகு, விரதம் போச்சே என்று அக்காவைச் சீண்டினேன்.

"மீனை விடறது எனக்குப் பழகிப்போச்சுடா. விரதத்தை விடறதுதான் கஷ்டமா இருந்துச்சு. இந்த வருஷம் அதை விட்டுட்டேன்" என்றார்.

ஈஸ்டருக்கு முன்பே எங்களை விட்டுப் போய்விட்டார்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், பங்குத்தந்தைக்கும், வீட்டுப்பிள்ளைகளாய் நின்று உதவிய எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தேசம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். நினைவுத் திருப்பலியில் அவர் எங்களோடு முதல் பெஞ்சில் உட்காருவார். சொந்தக்காரர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டுகிறோம்.