ஒண்டியா ஓடாத அறுபத்தொன்பது

இது யாரோ சொல்லிக் கேட்ட கதையில்லை. எனக்கே நடந்தது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பகலில் யார் கேட்டாலும் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

நான் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவள். என் வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து கடை என் பொறுப்பு. பக்கத்துப் பட்டறை ஒரு மெக்கானிக்குடையது. சட்டைப் பையில் பேனா குத்துகிற இடத்தில் ஸ்பார்க் பிளக்கைச் செருகியிருப்பார். அதனால் ஊருக்கே அவர் பிளக் அண்ணன்.

ஒருநாள் டிராயிங் வாத்தியார் ஒருவர், சீட்டைப் புதுசாகத் தைக்கச் சொல்லி, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே அவர் மனைவி. பிளக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எஞ்சின் நம்பரைப் பார்த்தார்.

"அறுபத்தொம்போதா?" என்று கேட்டுவிட்டு ஓரடி பின்னால் போனார்.

அந்தக் கம்பெனி வண்டிக்கு எங்கள் தொழிலில் பெரிய மரியாதை. அறுபத்தெட்டு மாடல் என்றால் அடித்துக்கொள்வார்கள். எழுபது என்றால் கேட்ட விலை கிடைக்கும். நடுவில் இருக்கிற அறுபத்தொன்பது மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். யாரிடமும் தங்காது. "அறுபத்தொம்போது ஒண்டியா ஓடாது" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

"தனியா ஓட்டிப் பாருங்க சார்" என்றார் பிளக் அண்ணன். "இருமும், திணறும், நடுரோட்ல நிக்கும். பின்னாடி ஒரு ஆளை ஏத்துங்க, வெண்ணெய் மாதிரி போகும். ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

வாத்தியார் சிரித்தார். "அதுக்குத்தானே கல்யாணம் பண்ணியிருக்கேன்."

அவர் மனைவி சிரிக்கவில்லை. வண்டிப் பக்கமே வராமல் வாசலில் நின்றாள். ஐந்து மாதக் கர்ப்பம். ஆண்கள் இருவரும் எஞ்சின் பேச்சில் இறங்கியதும் என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, பின்பக்கம் கொஞ்சம் நீளமா வெச்சுத் தைக்க முடியுமா?"

"ஏம்மா, குலுங்குதா?"

"இல்லக்கா... இடம் பத்தல."

அவளைப் பார்த்தேன். வயிறு மட்டும்தான் தெரிந்தது, மற்றபடி ஈர்க்குச்சி. அந்த சீட்டின் பின்பாதியில் என்னைப் போலப் பருத்த ஒருத்திகூடத் தாராளமாக உட்காரலாம். மசக்கைக் கஷ்டத்தில் எதையோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் போனதும் சீட்டைப் பிரித்தேன். ரெக்சினுக்கு அடியில் இன்னொரு ரெக்சின். அதற்கும் அடியில் இன்னொன்று. வாங்கியவர்கள் எல்லோரும் பழையதன் மேலேயே தைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் பின்பாதி மட்டும் குழிந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, முன்பக்கம் ரப்பர் நுரை. பின்பக்கம் இறுக அடைத்த பழுப்புப் பஞ்சு. கம்பெனியே அப்படி அடைத்திருக்கிறது. கெட்டியாக இருந்ததால் அதை அப்படியே விட்டு, மேலே புது நுரை வைத்துத் தைத்தேன். மேசை மேல் வைத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.

காலையில் பின்பாதி குழிந்திருந்தது. ஒருவர் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்த மாதிரி.

பூனை படுத்திருக்கும் என்று நினைத்தேன். தட்டி நிமிர்த்தினேன். மறுநாளும் அதே குழி. அன்றைக்குத்தான் உறைத்தது... அந்த ஷட்டருக்குள் பூனை வர வழியே இல்லை.

அன்று சாயங்காலம் சீட்டை வண்டியில் மாட்டினேன். பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நின்றிருந்தது வண்டி. தைத்த சீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் நான் கொடுப்பதில்லை. முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கரண்ட் போனது. சரியாக ஆறே முக்கால்.

பின்னால் ஏறுகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? ஓட்டுகிறவரின் தோளில் கை வைப்பார்கள்.

என் இடது தோளில் ஒரு கை விழுந்தது.

"விளையாடாதீங்கண்ணே" என்றேன்.

கை நகரவில்லை. அழுத்தியது. ஊன்றி ஏறுகிற அழுத்தம்.

கிரீ...ச்.

பின் ஸ்பிரிங் இறங்கியது.

அதே நேரம் பக்கத்துப் பட்டறையில் பிளக் அண்ணன் யாரையோ திட்டும் குரல் கேட்டது. அப்படியென்றால்...

என் முதுகில் ஒரு உடம்பு சாய்ந்தது. ஜுர உடம்பு. கொதித்தது.

கத்த வாயைத் திறந்தேன்.

காதோரம் மூச்சு.

பெண் குரல். ரொம்பக் களைத்த குரல்.

"போலாமா?"

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. வாசலில் டார்ச் வெளிச்சம் வந்தது. பிளக் அண்ணன். வெளிச்சம் என் முகத்தில் பட்டு, எனக்குப் பின்னால் போய், அங்கேயே நின்றது.

"மெதுவா எறங்கு" என்றார். "திரும்பாத."

இறங்கினேன். மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். தெருவில் நின்றுதான் திரும்பிப் பார்த்தேன். சீட் காலி. ஸ்பிரிங் மட்டும் மேலே வரவே இல்லை. என்ன பார்த்தார் என்று அவரிடம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றிரவு கண்ணை மூடினால் வாத்தியார் மனைவியின் வயிறுதான் தெரிந்தது. மறுநாள் நடு வெயிலில், பிளக் அண்ணனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, சீட்டின் பின்பாதியை அறுத்தெடுத்து எரித்தேன். முன்பாதியை மட்டும் ஒற்றை சீட்டாகத் தைத்தேன்.

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கேட்டது என்ன, நீங்க பண்ணி வெச்சிருக்கிறது என்ன? இவ எங்க உக்காருவா?"

"அவங்க இதுல உக்கார வேண்டாம் சார்."

"ஏன்?"

என்ன சொல்வது? சாவியை எடுத்து நீட்டினேன். அவர் மனைவி என் கையை எடுத்து அழுத்தினாள். வாத்தியார் முறைத்துக்கொண்டே தனியாக வண்டியைக் கிளப்பினார். அது இருமவில்லை. திணறவில்லை. வெண்ணெய் மாதிரி போனது. நாலு மாதம் கழித்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்று தகவல் வந்தது.

அதோடு விட்டிருப்பேன். எனக்கு ரெக்சின் போடும் வியாபாரி ஒருவர் இருக்கிறார், வயதானவர். முன்பு அந்தக் கம்பெனியில் சீட் பிரிவில் இருந்தாராம். பேச்சுவாக்கில் அறுபத்தொன்பதைப் பற்றிக் கேட்டேன். அளந்துகொண்டிருந்த கை நின்றது.

"அந்த வருஷம் ரப்பர் தட்டுப்பாடும்மா. முன்பக்கத்துக்கு மட்டும்தான் இருந்துச்சு. பின்பக்கத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் பழைய மெத்தையா கொண்டுவந்து எறக்கினான். மூடிப்போன ஆஸ்பத்திரி மெத்தைங்க. நாங்கதான் அறுத்து அடைச்சோம்."

"என்ன ஆஸ்பத்திரி?"

"பிரசவ ஆஸ்பத்திரி. ஒரு மழைக்காலத்துல உள்ள ஜுரம் பரவிடுச்சு. கூட்டிட்டுப் போறதுக்கு வீட்டுக்காரனுங்க வண்டியோட வாசல்ல நின்னானுங்க. குழந்தைங்களை மட்டும்தான் கையில குடுத்தாங்க."