விறகடுப்பு விசிறிக்குப் பொட்டு வைத்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் எழுத்துக்கு அஞ்சவில்லை. முருகனைக் கேலி செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் அஞ்சினேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

குவைத்தில் குளிர்காலம் வந்தால் வசதியுள்ளவர்கள் பாலைவனத்தில் கூடாரம் அடிப்பார்கள். ஃபஹாஹீலைத் தாண்டி எங்கள் முதலாளியின் கூடாரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது என் டூட்டி. சமையலுக்கு நாகர்கோவில் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். நடுவில் இரும்பு விறகடுப்பு. அதை ஒட்டி உட்கார்ந்தால் வேர்க்கும், நாலடி தள்ளினால் பல் தந்தியடிக்கும். ஒரு வருஷம் முதலாளியின் அண்ணன் குளிர் தாங்காமல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அந்தக் கோபத்தில் முதலாளி என் லீவுத் தாளைத் தொடவே இல்லை.

அடுத்த வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன விசிறி வாங்கி வந்தார். வயர் இல்லை, பேட்டரி இல்லை. அடுப்பின் தலையில் வைத்தால் அந்தச் சூட்டிலேயே சுற்றி, அனலைக் கூடாரம் முழுக்கத் தள்ளுமாம். வைத்துக் காட்டினார், சுற்றியது. நான் கைகூப்பிவிட்டேன்.

அரபியும் இந்தியும் கலந்து அவர் சொன்னது இதுதான்: “வியாழக்கிழமை அண்ணன் வர்றார். கம்பளியக் கழட்டினா உனக்கு லீவு. கழட்டலேன்னா லீவு மாஃபி, கிடையாது.”

மகளுக்குக் காதுகுத்து இரண்டு தடவை தள்ளிப்போய், அவளுக்கு ஏழு வயதாகியிருந்தது. மாசியில் மறுபடியும் நாள் குறித்திருந்தோம்.

வியாழன் மதியம் விசிறியைத் துடைத்து, இறக்கைக்கு ஒன்றாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டினேன். புது மிஷின் எதுவானாலும் எங்கள் வீட்டு வழக்கம் அது. பூஜை செய்த பொருளை, ஆட்டுக்கறி வாட்டுகிற அடுப்பில் நேராக வைக்க மனம் வரவில்லை. நானோ தைப்பூச விரதத்தில் இருந்தேன். மூலையில் கிடந்த டைல்ஸ் இரண்டைக் கழுவி அடுப்பின்மேல் அடுக்கி, அதன்மேல் விசிறியை எழுந்தருளச் செய்தேன்.

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அண்ணன் கழுத்துவரை கம்பளி. அடுப்பு கனன்று எரிகிறது, விசிறி மட்டும் அசையவில்லை. முருகா, பதினோரு தேங்காய் என்றேன். அசையவில்லை. நூற்றியெட்டு என்றேன். ம்ஹூம். பழனிக்கு வந்து மொட்டை என்றேன்.

சோற்றுத் தட்டோடு வந்த அண்ணாச்சி என்னைப் பார்த்து நின்றார்.

“என்னவே, யாருகிட்ட பேசுதீரு?”

“மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன் அண்ணாச்சி. அப்பவும் சுத்தமாட்டேங்குது.”

அவர் குனிந்து பார்த்தார். “அடியில என்னத்தவே வச்சிருக்கீரு?”

“டைல்ஸு. கறி பட்ட அடுப்புல்ல, தீட்டு.”

“சூட்டுல சுத்துற சாமானத்துக்கு சூடு ஏறாம அடியில அண்டக் குடுத்துட்டு மொட்டையா? அதுவும் இது கேம்ப் கக்கூஸுக்கு ஒட்டுன மிச்சம்லா! கறி தீட்டு, இது சுத்தமோ?”

இடுக்கியால் டைல்ஸை உருவிவிட்டு விசிறியை நேராக அடுப்பில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் இறக்கை நடுங்கியது, பிறகு விர்ரென்று சுற்றியது. காய்ந்திருந்த குங்குமம் அத்தனையும் பறந்து அண்ணனின் கம்பளியில் விழுந்தது.

முதலாளி எழுந்துவிட்டார். போச்சு, என் பிள்ளையின் காது இந்த வருஷமும் மூளிதான் என்று நினைத்தேன்.

அண்ணன் எழுந்து கம்பளியைக் கழற்றி உதறினார். மறுபடி போர்த்தப் போனவர் முகத்தில் அனல் அடித்தது. அப்படியே நின்றார். “தமாம்”, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார். கம்பளியை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

முதலாளி கம்பளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கலாஸ், பேச்சு முடிஞ்சது. உனக்கு லீவு.”

மாசியில் காது குத்தும்போது மகள் அழுதாள். பழனி போய்வந்த மொட்டைத் தலையோடு பக்கத்தில் நானும் அழுதேன்.

விசிறி சூட்டில்தான் சுற்றியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியைச் சோற்றுத் தட்டோடு அனுப்பியது யார்? அவரிடமே கேட்டேன். “எங்க அந்தோணியாராக்கூட இருக்கும்வே” என்றார். இருக்கட்டும்.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கக்கூஸ் டைல்ஸ் என்பதையும் மறைக்காமல் அப்படியே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டியது நான்தானே.