பதினெட்டுக் காலிக் கயிறுகள்

நல்லம்மாவுக்கு அழுகையை வைத்தே பிள்ளையின் பெயரைச் சொல்லத் தெரியும். இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பரா அவள் பொறுப்பு. தாய்மார் குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள். பத்து மணிக்குப் பால் கொடுக்க ஓடி வருவார்கள். "ஓம் மவனுக்குப் பசியில்லடி, திமிரு" என்று அவள் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

எழுபத்தாறாம் ஆண்டு ஒருநாள், தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதுரையோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குப் பணம் கொடுத்த நாட்டிலிருந்து, பலன் எப்படி என்று மதிப்பிட வந்தவள். மொழிபெயர்க்கப் பதுளையிலிருந்து ஜெனீரா டீச்சர் வந்திருந்தார்.

வெள்ளைக்கார அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தில் முப்பது தொட்டில் கயிறுகள். பன்னிரண்டில்தான் சேலைத் தொட்டில்கள் ஆடின. மற்றவை சுருட்டிக் கட்டியிருந்தன. எண்ணி எழுதியவளின் முகம் மலர்ந்தது. துரை ஏதோ பெருமையாகச் சொன்னார்.

"பொறப்பு பாதிக்கு மேல கொறஞ்சிருச்சாம்" என்றார் ஜெனீரா. "இனி நர்ஸ் இங்க வரத் தேவையில்லையாம். வேற தோட்டத்துக்கு அனுப்பப் போறாங்களாம்."

நல்லம்மாவுக்குச் சுருக்கென்றது. மூலையில் ஜெயலெட்சுமி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது, ஐந்தாவது பிள்ளை. இன்னொன்று உண்டானால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதமாக அவள் கருத்தடை லூப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள். நர்ஸ் வருவதோ கொழுந்து பறிக்கும் நேரத்தில், மலையடிவாரத்து மருந்துக் காம்பராவுக்கு. இறங்கிப் போனால் அரைப்பேர் போய்விடும். அதாவது பாதி நாள் சம்பளம்.

வெளிநாட்டில் யோசித்து, கொழும்பில் திட்டம் போட்டு, ஜீப்பில் மலையேறி வந்தவர்கள், எதிரே உட்கார்ந்திருந்த தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கயிற்றை எண்ணினார்கள்.

"டீச்சரம்மா, அந்தக் கயிறெல்லாம் பொறக்காத புள்ளைங்கன்னு நெனச்சிட்டாங்களா?"

"அப்பிடித்தான்."

"எல்லாம் பொறந்ததுதாங்க. இது மாரிசாமி மவ. அது ரெண்டும் கந்தப்பன் வீட்டு ரெட்டை. ரெண்டு நாட்டு ஒப்பந்தம்னு சொல்லி குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பலேத்தி விட்டாங்க. அங்க போயி எண்ணச் சொல்லுங்க, தொட்டில் ஆடிக்கிட்டிருக்கும்."

துரைக்குத் தமிழ் தெரியும். "நல்லம்மா, நாளையிலேருந்து புல்லுவெட்டப் போறியா?"

"போறேங்க தொரை. ஆனா நர்சம்மா வரட்டுங்க. பத்து மணிக்கு இங்கயே வந்தா, பால் குடுக்க வர்றவங்க பாத்துட்டுப் போவாங்க. பேரும் போகாது."

"அதை மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார் துரை.

ஜெனீரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். துரையின் மிரட்டலையும் சேர்த்து.

வெள்ளைக்கார அம்மாள் நோட்டில் எழுதியதை அடித்தாள். கப்பலேறிய குடும்பங்களின் பட்டியலைத் துரையிடம் கேட்டாள். பிறகு ஜெயலெட்சுமியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளை மன்னிக்கலாம்.

துரை சொன்னதைச் செய்தார். நல்லம்மா புல்லுவெட்டப் போனாள். மூன்றாம் வாரம் தாய்மார் எல்லோரும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்றார்கள். அப்படி நின்றால் கொழுந்து பறிப்பது யார்? அன்று மத்தியானமே நல்லம்மா காம்பராவுக்குத் திரும்பினாள்.

அடுத்த மாதம் பத்து மணிக்கு நர்ஸ் வந்து பக்கத்து அறையில் உட்கார்ந்தார். ஜெயலெட்சுமி வாசலில் தயங்கி நின்றாள்.

"புள்ளைய இங்க குடு" என்று கை நீட்டினாள் நல்லம்மா. "நாலு மாசம் காத்துக்கெடந்துட்டு இப்ப என்னடி வெக்கம். போ உள்ள."