பிளான்காரியும் நாலு ஜிபி கம்ப்யூட்டரும்

இல்லவே இல்லை. மாமனாரோடு மல்லுக்கட்டிக்கொண்டு போனாள் என்பது பச்சைப்பொய். ஒரு பெண் பெட்டியும் கையுமாகப் படியிறங்கினால் உள்ளே சண்டை நடந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது, நிறைய நேரமும் இருக்கிறது. ஜன்னலில் தெரியாததையெல்லாம் அவரே இட்டு நிரப்பிக்கொள்கிறார். "ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டருக்காகப் புருஷனையும் மாமனாரையும் விட்டுட்டுப் போயிட்டாளே" என்று பால் வாங்குகிற இடத்தில் ஆரம்பித்த பேச்சு, தெருக்கோடிக்குப் போய்ச் சேரும்போது "அதைத் தூக்கிப் போட்டு உடைச்சுட்டுப் போனாளாம்" என்று வளர்ந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர் இன்றைக்கும் கூடத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தெருவில் அவளைப் பிளான்காரி என்பார்கள். வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவள் தொழில். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தால் மற்றப் பெண்கள் புடவையைப் பார்ப்பார்கள், இவள் சுவரைப் பார்ப்பாள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், "இந்தக் கதவு அந்தப் பக்கமாத் திறந்திருந்தா இங்க ஒரு பீரோ வெச்சிருக்கலாம்" என்று சொல்லிப் புருஷனிடம் கிள்ளு வாங்கியவள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஓர் ஆபீசில் வரைந்துகொண்டிருந்தாள். மகள் பிறந்ததும் அது நின்றுபோனது. ஆனால் கை சும்மா இருக்குமா? தேதி போன காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், யாரும் கேட்காத வீடுகளுக்கெல்லாம் படம் போட்டுக்கொண்டிருப்பாள். மாமனார் அதைப் பார்த்தார். பஸ் ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்ற வாரம் ஒரு ஆட்டோவில் பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார்.

"இந்தா. இதுல வரை. காலண்டர் தாளு தீந்துபோச்சுன்னா என்ன பண்ணுவ?"

அதுதான் அந்தக் கம்ப்யூட்டர். நாலு ஜிபி மெமரி. "உங்க ஆயுசுக்கும் இது போதும்" என்று கடைக்காரர் சொன்னாராம். "எந்த ஆயுசுக்கு? எனக்கா, அதுக்கா?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். அன்றைக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. விசையைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை தயாராக நிற்கும். பிளான்காரி பழைய ஆபீசுக்கே வீட்டிலிருந்து படம் அனுப்பத் தொடங்கினாள். பத்து வருஷம் அப்படியே ஓடியது. இந்த ஊரில் பாதி வீடுகள் அந்தக் கூடத்து மூலையில் பிறந்தவை என்று சொன்னால் மிகையில்லை.

மனிதருக்கு வயதானால் பசி குறையும். கம்ப்யூட்டர் விஷயம் நேர்மாறு. அது அன்றைக்கு வந்த மாதிரியேதான் இருக்கும், அதன் தலையில் ஏற்றுகிற மூட்டைகள்தான் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகும். முன்பு ஒரு கடிதம் எழுதப் போதுமாக இருந்த இடம் இப்போது ஒரு விளம்பரத்துக்கே போதவில்லை. இது எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான். ஆனால் இந்த வீட்டுக்கென்று தனியாக ஒரு பழக்கம் இருந்தது.

காலமாகிவிட்ட மாமியார் போட்ட சட்டம் அது. பாதியில் விட்ட வேலையை, விட்டவர்தான் எடுக்க வேண்டும். பாதி படித்த செய்தித்தாள் நாற்காலியில் கிடந்தால் அதை யாரும் மடிக்கக்கூடாது. பாதி தைத்த துணியை நகர்த்தக்கூடாது. "அடுத்தவங்க கவனத்துல கை வைக்காதீங்க" என்பாராம். அவர் போய் எத்தனையோ காலம் ஆன பிறகும் அந்த வீட்டில் அவர் பேச்சை மீற ஆள் கிடையாது. கம்ப்யூட்டருக்கும் அதே சட்டம்தான். அவரவர் திறந்ததை அவரவர் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார்கள், அடுத்தவர் அதைக் கீழே ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதைத் திறப்பார். இயந்திரத்தையும் அணைப்பதில்லை, திரையை மட்டும் அணைப்பார்கள்.

மாமனாருடையது சதுரங்கம். அவரோடு வருஷக்கணக்காக அதே பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டர், விசில் என்று பெயர், ஊரின் மறுகோடியில் இருக்கிறார். இவர் ஒரு காய் நகர்த்தினால் அவர் மறுநாள் ஒரு காய் நகர்த்துவார். பலகையை மூடினால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று மாமனாருக்குத் தீர்மானமான நம்பிக்கை. புருஷன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். அவருக்கு ஓடுகிற மேட்ச் ஒன்று, முடிந்த மேட்ச் இரண்டு. கல்லூரிக்குப் போகும் மகள் திறந்து வைத்திருந்ததை எண்ண ஆரம்பித்தால் பொழுது போய்விடும். எல்லாவற்றுக்கும் அடியில், நெருக்கியடித்துக்கொண்டு, பிளான்காரியின் படம்.

அவள் ஒரு கோடு இழுப்பாள். கோடு வராது. எழுந்து போய்த் துணி மடித்துவிட்டு வருவாள். அப்போதுதான் வந்து நிற்கும்.

"அம்மா ஒரு சுவர் கட்டறதுக்குள்ள ஒரு கூடை துணி மடிஞ்சிடுது தாத்தா. நம்ம வீட்ல துணியெல்லாம் இவ்ளோ நேர்த்தியா இருக்கறதுக்கு இந்தக் கம்ப்யூட்டர்தான் காரணம்" என்பாள் மகள்.

"வண்டின்னா சூடாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எடுத்ததும் நாலாவது கியர் போட முடியுமா?" என்பார் மாமனார். பிளான்காரி சிரித்துக்கொண்டே அடுத்த துண்டை உதறுவாள். குறை சொல்லி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

ஒரு நாள் அது கிளம்பவே மறுத்து, நீளநீளமாகக் கூவியது. ரிப்பேர்க்காரர் வந்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து விரல் நீளப் பட்டை ஒன்றை உருவி, "ரப்பர் இருக்கா?" என்று கேட்டார். பிளான்காரியிடமா ரப்பருக்குப் பஞ்சம்? பட்டையின் பொன்னிறப் பற்களைத் தேய்த்து அழுக்கெடுத்துத் திரும்பச் செருகினார். கூவல் நின்றது. திரை வந்ததும் கீழே வரிசையாக ஒதுங்கியிருந்ததை எல்லாம் பார்த்துவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, இது வீடா, பஸ் ஸ்டாண்டா? மெமரிங்கறது சமையல் மேடை மாதிரி. மேடையில எடம் இல்லன்னா ஒவ்வொரு பாத்திரத்தையும் பரண்ல ஏத்தி, வேணுங்கறப்ப எறக்கி, மறுபடி ஏத்தி... இது நாள் பூரா ஏணியிலயே நிக்குது. வேலை எங்க செய்யும்?"

"இன்னொரு மேடை கட்ட முடியாதா?" மாமனார் கேட்டார்.

"இன்னொரு நாலு போடலாம். மொத்தம் எட்டு. இந்த போர்டு அதுக்கு மேல தாங்காது. கணக்கு, கடிதாசி, படம் பாக்கறது, உங்க செஸ்ஸு, இதுக்கெல்லாம் எட்டு தாராளம்."

"என் வேலைக்கு?" பிளான்காரி கேட்டாள்.

ரிப்பேர்க்காரர் மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப வரையற மாதிரி வரைஞ்சா ஓடும். புதுசா வர்ற சாஃப்ட்வேர்னா பதினாறு கேக்கும் அக்கா."

எட்டு போட்டதும் இயந்திரத்துக்கு இளமை திரும்பியது. மாமனாருக்கு வாயெல்லாம் பல். "நான் அப்பவே சொல்லல? என் வண்டிக்கு என்ன கொறைச்சல்?" என்று தெருவில் நாலு பேரைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் ஆபீசிலிருந்து எஞ்சினியரம்மா கூப்பிட்டார். இனி எல்லாப் படங்களும் புதிய மென்பொருளில்தான். கட்டடம் திரையில் முழுசாக எழுந்து நின்று நாலு பக்கமும் சுற்றிக் காட்ட வேண்டும். ஆபீஸ் இப்போது வேறு ஊருக்கு மாறிவிட்டது. அங்கே வந்து ஆறு மாதம் உட்கார்ந்து பழகுங்கள், தங்குவதற்கு விடுதி இருக்கிறது, வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்வரலாம் என்றார்.

"வேண்டாம் மேடம். இங்கேயே செஞ்சு காட்டறேன்" என்றாள் இவள்.

புருஷன் அன்றைக்குக் கேட்டார். "ஏன் இப்படி அடம் பிடிக்கற? இல்ல, புதுசா ஒண்ணு தவணையில வாங்கிப் போட்டுடலாமா?"

"ரெண்டும் வேணாங்க. மாமா எனக்காக வாங்கினது. அதை ஓரங்கட்டினா தன்னையே ஓரங்கட்டின மாதிரி ஆயிடும் அவருக்கு. அந்தப் பேச்சை எடுக்காதீங்க."

எடுக்கவில்லை. எஞ்சினியரம்மா ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை அனுப்பி, புதிய மென்பொருளிலேயே கெடுவுக்குள் முடித்துக் காட்டச் சொன்னார். அவள் காலையும் மாலையும் அதோடு மல்லாடினாள். தரைத்தளம் எழும், மாடிக்குப் போவதற்குள் திரை வெள்ளையாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. அந்த நாட்களில் வீட்டில் மடிக்கத் துணி மிச்சமில்லை.

கெடு நாள் ஒரு விடுமுறை நாளாக வந்து வாய்த்தது. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மத்தியானம் போன் அடித்தது. கை ஒழியாததால் அவள் அதை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் பாக்கறேம்மா. வரலன்னா வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். அப்புறம் உங்களுக்கு அனுப்ப எங்கிட்ட பழைய மாதிரி வேலையே இருக்காது. மனசுல வெச்சுக்காதீங்க."

"சரிங்க மேடம்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மடித்து வைத்த துணியையே எடுத்து உதறி மறுபடி மடித்தாள். மாமனார் அதைப் பார்த்துவிட்டார். மெல்லப் பேத்தியிடம் போனார்.

"ஏன் கண்ணு, எல்லாரும் தொறந்து வெச்சதுதான் அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு அந்த ரிப்பேர்க்காரன் சொன்னானே?"

"ஆமா தாத்தா."

"அப்ப மூடச் சொல்றதுக்கென்ன உங்கம்மாவுக்கு?"

"பாட்டி போட்ட ரூல் தாத்தா. அம்மா கேக்கவே மாட்டா. செத்தாலும் கேக்க மாட்டா."

அவர் நேரே நாற்காலியருகே போய், "தள்ளிக்கோம்மா" என்றார். சதுரங்கப் பலகை திரைக்கு வந்தது. அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்; விசிலின் ராணி அதற்கு முந்தின நாள்தான் விழுந்திருந்தது. வாயை இறுக்கிக்கொண்டு பலகையை மூடினார்.

"மாமா! ஆட்டம்!"

"ஆட்டம் கெடக்குது. டேய், உன் மேட்ச்சை மூடு. கண்ணு, உன் கடையையும் கட்டு. உங்க பாட்டிகிட்ட நான் பேசிக்கறேன்."

அப்படியே விசிலுக்குப் போன் போட்டு, "நான் தோத்துட்டேன்பா, சந்தோஷமா இரு" என்றார். அந்தப் பக்கம் விசில் சிரித்த சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. "என்னய்யா உளர்ற? பலகை இங்க அப்படியே நிக்குது. என் ராணியைத் தின்னுட்டு நடிக்கறியா?" மூடினாலும் ஆட்டம் எங்கேயும் போகாது என்று மாமனாருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிளான்காரி சிரிக்கவில்லை. கட்டடத்தைத் திறந்தாள்.

இயந்திரம் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. தரைத்தளம் எழுந்தது. மாடி எழுந்தது. படிக்கட்டு வந்தது. எல்லோரும் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். கட்டடம் ஒரு பக்கம் திரும்பியது, பாதித் திரும்பலில் நின்றது. திரை வெளுத்தது.

"இன்னும் மூடறதுக்கு என்ன இருக்கு?" மாமனார் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மாமா."

"அப்ப இதால முடியல."

அவர் கம்ப்யூட்டரின் தலையில் கை வைத்துப் பார்த்தார். நன்றாகச் சுட்டது.

"டவுனுக்குள்ள ஓட்டின வண்டிய மலைக்கு அனுப்பிட்டு, ஏறலன்னு நின்னா வண்டி மேல என்ன தப்பு? ரூட்டு மாறிடுச்சு, அவ்வளவுதான். நீ எதுக்கும்மா இதுக்குக் காவல் உக்காந்திருக்க?"

"நீங்க வாங்கிக் குடுத்தது மாமா."

"நீ வரையணும்னு வாங்கிக் குடுத்தேன். பக்கத்துல உக்காந்து துணி மடிக்கவா வாங்கிக் குடுத்தேன்?"

அவர் அவளுடைய போனை எடுத்து, அதில் கடைசியாகப் பேசிய எண்ணையே அமுக்கினார். "அம்மா, நான் அவளோட மாமனார் பேசறேன். ஆறு மாசம் பழக அவ அங்க வர்றா."

"மாமா, குடுங்க அதை! யாரைக் கேட்டு..."

"எங்க வீட்டுப் பொண்ணுதான் வர்றான்னு சொல்றேன், உங்களுக்குச் சம்மதமா?" எஞ்சினியரம்மா என்ன சொன்னாரோ, போனை மருமகளிடம் நீட்டினார். "பேசு. முடியாதுன்னா நீயே சொல்லிக்கோ."

அவள் போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள். "திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க" என்றாள்.

சண்டை என்றால் இதுதான் சண்டை. இதற்கு மேல் ஒரு வார்த்தை அந்த வீட்டில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் எல்லோரையும் படுத்தி எடுத்தாள். மாமாவின் மாத்திரையை எங்கே வைப்பது என்று, மருந்துக்கடையில் வேலை பார்க்கிற புருஷனுக்கே மூன்று தடவை பாடம் நடத்தினாள். மகள், "அம்மா, வெள்ளிக்கிழமை வந்துடப்போற. வெளிநாட்டுக்கா போற?" என்றாள். பெட்டியை மூடிய பிறகு எதற்கோ திறந்தாள். வாசல் வரைக்கும் வந்தவள் நின்றுவிட்டாள்.

"மாமா, நான் வேணும்னா அடுத்த வாரம் போறேனே."

அவர் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யாராவது ஒருவர் அழுதிருப்பார்கள்.

"விசில் குதிரையை நகர்த்திட்டான். யோசிக்க விடும்மா" என்றார்.

அவள் செருப்பை மாட்டினாள். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பெட்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள், அங்கே போய் முதலில் வரைய வேண்டியது வலது கையல்லவா, அது ஓய்ந்து போகக்கூடாது என்று. படியிறங்கி நடந்தாள்.