மூணாங் கண்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்று எவனாவது வாயைத் திறந்தால் எழுந்து போகிற ஆள் நான். ஆனால் இது என் காதால் கேட்டது.

ஏரியிலிருந்து ஊருக்குக் குடிதண்ணீர் இழுக்கும் பம்பு வீட்டில் எனக்கு ராத்திரி வேலை. தண்ணீர் உள்ளே வருகிற வாய் மூன்று. அவற்றைக் ‘கண்’ என்போம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கம்பி வலை, பின்னால் இரும்புக் கதவு. வலையில் மீன் அப்பினால் பம்பு மூச்சு முட்டி நின்றுவிடும். “இன்னொரு தடவை நின்னா வீட்டைப் பாத்துப் போயிடு” என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். ஐந்தாவது தாண்டாத கிழவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்?

மீனை விரட்ட, வலைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் விட்டுவிட்டு எரிகிற விளக்கு மாட்டினார்கள். மாட்டியவன் முங்கி வேலை செய்கிறவன். பட்டப்பெயர் முக்குளிப்பான்.

“யாரைப் பாத்துடா கண்ணடிக்குது உன் விளக்கு?”

“உங்களத்தான் மாமா. அதுக்கும் வேற கதி இல்ல.”

அங்கே எல்லோருக்கும் நான் மாமாதான். மூன்றாவது விளக்கை மாட்ட அவன் இறங்கும்போது நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். ராத்திரி வந்தபோது, வேலை முடிந்து அவன் ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். சொல்லாமல் போன பயல் என்று திட்டினேன்.

இரண்டு ராத்திரி ஒரு மீன் இல்லை.

மூன்றாம் ராத்திரி, மணி 1.10. பம்பு இழுத்து இழுத்து இரைந்தது.

ஓடினேன். மூணாங் கண்ணில் மட்டும் மீன். விளக்கு பளிச் பளிச்சென்று அடிக்கிறது, ஒன்றும் அசையவில்லை. நீளக் கழி கட்டிய வாரியை விட்டு அள்ளினேன். கையெல்லாம் கோழை. ஒரு மீன் என் கால்மேல் எதையோ கக்கியது. வெள்ளையாக, கொழகொழவென்று... குடலைப் பிடுங்குகிற நாற்றம். அங்கேயே வாந்தி எடுத்தேன். குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தேன்.

அதே தண்ணீரில்.

1.40. போன் அடித்தது. கண்ட்ரோல் ரூமிலிருந்து மட்டும்தான் அதில் வரும்.

“மாமா... கண்ணு தாங்கல. மூடுங்க.”

தொண்டையில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

“மூணாவதுதானே?”

க்ளக்... க்ளக்...

கண்ணை மூடு என்றால் எங்களுக்கு, கதவை இறக்கு என்று அர்த்தம். சக்கரத்தைச் சுற்றி இறக்கினேன். 1.52. அந்தக் கண்ணில் இழுப்பு நின்றது.

மீன் வலையை விடவில்லை.

மறுபடி போன்.

“அந்தக் கண்ணு இல்ல மாமா...”

காலையில் இன்ஜினியர் கோபத்தில் குதித்தார். “எவன்யா மூடச் சொன்னான்?”

“கண்ட்ரோல் ரூம்.”

“நான் கூப்பிடவே இல்லையே மாமா” என்றான் அங்கே ராத்திரி இருந்தவன்.

என்னைத் துரத்திவிட்டுத்தான் மறுவேலை என்றார் இன்ஜினியர். ஆனாலும் முதலில் அடைப்பைப் பார்க்க ஆள் இறக்கினார்.

வாரி எட்டாத ஆழத்தில், விளக்கு வயரில் சுற்றிக்கொண்டு கிடந்தான் முக்குளிப்பான். விளக்குக்கும் முகத்துக்கும் ஒரு சாண்.

அப்புறம் என்னைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஊர் மூன்று நாளாகக் குடித்த தண்ணீரைப் பற்றியும் யாரும் பேசவில்லை. நானே வேலையை விட்டுவிட்டேன்.

பிணம் அறுக்கிற இடத்தில் என் சம்பந்தி வேலை பார்க்கிறார். அவர்தான் சொன்னார். உடம்பில் எங்கும் மீன் வாய் வைக்கவில்லையாம்.

இரண்டு இமைகளைத் தவிர.