கும்பளங்கிக்குப் போன சிவப்பு வண்டி

வெந்த இரும்பும் சூடான ரப்பரும் கலந்த ஒரு வாசனை...

ரோட்டோரத்தில் எந்த வண்டி ஆவி விட்டு நின்றாலும் அது என் மூக்கில் ஏறிவிடும். கூடவே அம்மாவின் பட்டுப்புடவையும் ஞாபகம் வரும்.

பத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு நான் மட்டாஞ்சேரி வீட்டில் சும்மா இருந்த வருடம் அது. அப்பா டிரைவர். முதலாளி துபாயில். அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார், மேலே கூரை இல்லாத சிவப்பு வண்டி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கும். ஞாயிறுதோறும் அப்பா அதைக் கொஞ்ச தூரம் ஓட்டி வைப்பார். எங்களை ஏற்றியதே இல்லை.

ஒருநாள் முதலாளி அதை விற்றுவிட்டார். "நாளைக்கு ஆள் வந்து எடுத்துக்கும். இன்னிக்கு குடும்பத்தோட ஒரு ரவுண்டு போய்க்கோ" என்று போனில் சொன்னாராம்.

"கும்பளங்கி. தங்கச்சி வீட்டுக்கு" என்றாள் அம்மா, யோசிக்காமலே.

எனக்குக் காரணம் தெரியும். ஒரு விருந்தில் சித்தப்பா எல்லார் முன்னாலும் அப்பாவை "அடுத்தவன் வண்டியத் துடைக்கிற ஆளு" என்று சொல்லிச் சிரித்திருந்தார். அவர் வாசலில் அந்த வண்டியிலிருந்து இறங்க வேண்டும்... அவ்வளவுதான் அம்மாவின் ஆசை.

முன்னால் இரண்டே சீட். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் மடங்கி உட்கார்ந்தேன்.

பள்ளுருத்தி நெரிசலில் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. அப்பா ஹீட்டரை முழுசாகத் திறந்தார். என்ஜின் சூடு அந்த வழியாகக் கொஞ்சம் இறங்குமாம். தலையில் உச்சி வெயில், காலில் அனல்.

"என்னங்க, புடவை வேகுது!"

"பொறுத்துக்கோடி. அதுக்கும்தான் வேகுது."

கடைசியில் பானெட்டிலிருந்து ஆவி வந்தது. ஓரங்கட்டினோம்.

ஆட்டோ சேட்டன் ஒருவர் எட்டிப் பார்த்தார். "சேட்டா, சாயா ஆயோ?" டீ கொதித்துவிட்டதா என்று அவர் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"ரேடியேட்டர்ல உப்பு அடைச்சிருக்கு. எல்லாம் கிணத்துத் தண்ணி" என்றார் அப்பா.

எங்கள் கிணறு உப்பு. குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். அதில் வண்டிக்கு ஒரு குப்பி கேட்டால் அம்மா விடமாட்டாள். "மனுஷனுக்கே குடிக்க இல்ல, வண்டிக்கு நல்ல தண்ணியா?"

இப்போது அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆறுவதற்கு ஒரு மணிக்கூராவது ஆகும் என்றார் அப்பா. அந்தப் பார்வைகளுக்கு நடுவே பட்டுப்புடவையோடு நிற்க அம்மாவால் முடியவில்லை. என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவசரத்தில் அவள் போன் வண்டி சீட்டிலேயே கிடந்தது.

சித்தி வீட்டில் அம்மா வண்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. சித்தப்பா நாற்காலியில் சாய்ந்தபடியே, "பஸ்ஸுல நல்ல கூட்டமோ?" என்றார்.

சாப்பிட்டதும் கிளம்பிவிட்டோம்.

திரும்பும்போது பாலத்தின் மேல், எதிரே, சிவப்பாக... பஸ் ஜன்னலிலிருந்து கீழே பார்த்தேன். அப்பா. தனியாக. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அம்மா ஜன்னல் வழியே கையை நீட்டி, "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். அவர் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

பாலம் தாண்டி இறங்கிக் காத்து நின்றோம். திரும்பி வந்தவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். கடையில் குடிதண்ணீர் பாட்டில் வாங்கி ஊற்றி ஓட்டியிருக்கிறார்.

"மறுபடி போலாமாடி?"

முள் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்தாள். "வேண்டாங்க. தாங்காது."

மறுநாள் வண்டி போய்விட்டது.

இப்போதெல்லாம் போனைத் தட்டினால் ஏசி கார் வாசலுக்கே வருகிறது. எங்கும் சூடாகாது, நிற்காது. பேசி முடிப்பதற்குள் கும்பளங்கி. யாரும் எட்டிப் பார்ப்பதுமில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம்" என்று அம்மா வழியில் எப்போதாவது சொல்வாள்.

போகும்போதெல்லாம் சித்தி அந்தக் கதையை எடுப்பாள். "அன்னிக்கு நீங்க போனப்புறம் அத்தான் அந்தச் செவப்பு வண்டில வந்து எறங்கினாரு பாரு அக்கா... இவரு நாற்காலிய விட்டு எந்திரிச்சு, கேட்டு வரைக்கும் போயிட்டாரு!"

அம்மா ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பவள் போலக் கேட்பாள்.

"எந்திரிச்சாரா? நீ பாத்தியா?"